பெட்டியைப் பிரிக்கும் முன்னே பத்துக் கட்டளை!



ஆண்டு மலரில் எழுதச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் கவிதை எழுதுவோம், மீதிப் பேர் ஜோக் எழுதுவோம். நான் இந்த முறை ஒரு சண்டையைக் கிளப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் சின்னதுதான். ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் தொடங்கி, நாளைக்கு நமக்குக் கிடைக்கப்போகிற வேலை வரைக்கும் அது வந்து நிற்கும் என்பதால் பக்கத்தைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.

என் கட்சி இதுதான்: ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்னக் கணினியை வாங்கி, பெட்டியைப் பிரித்து, வயர் மாட்டும் முன்னால், அந்தக் கறுப்புத் திரையில் அடிக்கிற அடிப்படைக் கட்டளைகளைப் படித்துவிட வேண்டும். "மாட்டிட்டுப் பாத்துக்கிடலாம்ல" என்பது எதிர்க்கட்சி. அந்தக் கட்சிக்கு நம் ஹாஸ்டலில் மெஜாரிட்டி உண்டு என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கணினி என்றால் என்ன?

முதலாண்டுத் தம்பிகளுக்காக ஒரு வரி முன்னுரை. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. அளவு நம் ஏ.டி.எம். கார்டு. விலை 35 டாலர். 700 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. நினைவகம். உள்ளே ஓடுவது லினக்ஸ். ஹார்ட் டிஸ்க் கிடையாது. மெமரி கார்டுதான் எல்லாம். ஓரமாக வரிசையாக ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும். அதில் சென்சார், ரிலே, மோட்டார் டிரைவர் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். இ.சி.இ., ட்ரிபிள்-இ, மெக்கானிக்கல் எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. 2024-க்குள் உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டது.

அதை எதற்காகச் செய்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய சங்கதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையும் திறமையும் குறைந்துகொண்டே போவதை எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் பார்த்தார்கள். 1980-களில் பி.பி.சி. மைக்ரோ என்றொரு கணினி இருந்தது. சுவிட்சைப் போட்டவுடன் "சொல்லு, என்ன செய்யணும்?" என்று கேட்பதுபோல வெறும் திரையைக் காட்டும். கட்டளை அடித்தால்தான் வேலை நடக்கும். நம் நாட்டிலும் 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு அதே கணினிதான் வந்தது. பிறகு மவுஸும் படமும் வந்தன. பிள்ளைகளுக்கு உள்ளே நடப்பது தெரியாமல் போனது. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தச் சின்னப் பலகை பிறந்தது. அதை வாங்கிவந்து, மவுஸை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பட்டுப்புடவை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த கதைதான்.

நம் சீனியர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லாதது

1990-களில் பாலிடெக்னிக் படித்த அண்ணாச்சிமாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்தது டாஸ். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃபிளாப்பியைப் போட்டு, கறுப்புத் திரையில் 'டிர்', 'காப்பி', 'ஃபார்மட்' என்று அடித்துத்தான் தொடங்கினார்கள். வேறு வழியே கிடையாது. 1995-ல் விண்டோஸ் 95 வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் திரை பின்னால் போய்விட்டது. நாம் பிறந்தபோதே மவுஸ் இருந்தது. நாம் வளரும்போது விரலால் தடவுகிற போன் வந்துவிட்டது. ஆக, நம்மை விடக் குறைந்த வசதியோடு படித்தவர்களுக்கு இருந்த ஒரு கைப்பழக்கம் நமக்கு இல்லை. இதில் நம் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் தப்பு நம்முடையதுதான்.

கட்டளைக்கு ஏன் இவ்வளவு குட்டைப் பெயர்?

'எல்.எஸ்.', 'சி.பி.', 'எம்.வி.' என்று பார்த்ததும் பயப்படுகிறவர்கள் நிறைய. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் எழுதத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது டெலிடைப் என்கிற தட்டச்சு எந்திரம். நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். நீளமாக எழுதினால் கையும் வலிக்கும், நேரமும் போகும். அதனால் சுருக்கினார்கள். நம் ஊரில் தந்தி அடித்த கதைதான். சொல்லுக்குக் காசு என்பதால் சுருக்கமாக அடிப்பார்கள். படிக்கிறவருக்கு முழு விஷயமும் புரியும். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் யூனிக்ஸ் தந்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அதே சுருக்கெழுத்தை எடுத்துக்கொண்டது. அன்றைக்குப் படித்த 'எல்.எஸ்.' இன்றைக்கும் செல்லும். ஐம்பது வருஷம் செல்லுபடியாகிற பாடம் நம் சிலபஸில் வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

இன்னொரு முக்கியமான விஷயம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த நண்பர்கள் "நமக்கு இங்கிலீஷ் வராதுல" என்று ஒதுங்குகிறார்கள். இதில் இங்கிலீஷே இல்லை! 'எல்.எஸ்.' என்பது லண்டன்காரனுக்கும் அர்த்தமில்லாத எழுத்துதான். கான்வென்ட்டில் படித்தவனும் கல்லிடைக்குறிச்சி அரசுப் பள்ளியில் படித்தவனும் ஒரே கோட்டில் நின்று ஓடுகிற பந்தயம் இது. இருபது சொல்லை மனப்பாடம் பண்ண நம்மால் முடியாதா?

சரி, எந்தெந்தக் கட்டளை?

நெல்லைக்காரனுக்குக் கட்டளை என்றதும் கோயில் கட்டளைதான் ஞாபகம் வரும். இதுவும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யும். நான் சொல்கிற வரிசை இது.

'பி.டபிள்யூ.டி.' — நமக்கு இது அணைக்கட்டையும் வாய்க்காலையும் பார்த்துவந்த பொதுப்பணித் துறை. கணினியிலோ, "நான் இப்போ எங்கே நிக்கேன்?" என்று கேட்பது. எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று சொல்லும். வழி தெரியாமல் நிற்கும்போது முதலில் அடிக்க வேண்டியது இதைத்தான்.

'எல்.எஸ்.' — இங்கே என்னென்ன இருக்கிறது? 'சி.டி.' — அந்த இடத்துக்குப் போ. இந்த மூன்றும் வந்துவிட்டால் ஊருக்குள் நடக்கக் கற்றுக்கொண்டாயிற்று.

'எம்.கே.டி.ஐ.ஆர்.' புதுசாக ஃபோல்டர் போடும். 'சி.பி.' நகல் எடுக்கும். 'எம்.வி.' இடம் மாற்றும், பெயரும் மாற்றும். 'ஆர்.எம்.' அழிக்கும். இதில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை! விண்டோஸில் அழித்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். இங்கே தொட்டியே கிடையாது. ஆற்றில் விட்ட விளக்கு மாதிரி, போனது போனதுதான்.

'கேட்' ஒரு ஃபைலைத் திறந்து திரையில் காட்டும். 'நானோ' அதைத் திருத்த உதவும். சின்னக் கணினியில் பெரும்பாலான அமைப்புகள் சாதாரண எழுத்து ஃபைலில்தான் இருக்கின்றன. எதையும் திருத்தும் முன் 'சி.பி.' போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

'மேன்' — இது ஆண்பிள்ளை இல்லை, மானுவல் என்பதன் சுருக்கம். எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'மேன்' போட்டால் அதன் விளக்கம் வரும். வாத்தியார் லீவில் போனாலும் 'மேன்' லீவில் போக மாட்டார்.

'சுடோ' — இது தாசில்தார் முத்திரை மாதிரி. சாதாரணமாக நமக்கு அனுமதி இல்லாத வேலையையும் இதை முன்னால் போட்டால் செய்துவிடும். முத்திரையை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று 'சுடோ' போட்டு எதையாவது அடிப்பது, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

'ஆப்ட்' — புது மென்பொருளை நிறுவ. இதில் 'அப்டேட்', 'அப்கிரேடு' இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் ஏராளம். 'அப்டேட்' கடைக்காரரிடம் புது விலைப்பட்டியல் வாங்கி வருவது மட்டும்தான், சரக்கு வராது. 'அப்கிரேடு' போட்டால்தான் சரக்கு வீட்டுக்கு வரும். வரிசை மாறினால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு சரக்குக் கேட்கிற நிலைமைதான்.

'டி.எஃப்.' மெமரி கார்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். 'பாஸ்டபிள்யூடி' பாஸ்வேர்டை மாற்றும். 'எஸ்.எஸ்.எச்.' வேறு கணினியில் உட்கார்ந்துகொண்டே இந்தக் கணினிக்குள் நுழையும். கடைசியாக 'ஷட்டவுன்' — இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பத்து என்று தலைப்புப் போட்டு எண்ணிக்கை கூடிவிட்டது; பரவாயில்லை, கடையில் கொசுறு கேட்கிறவர்கள்தானே நாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. லினக்ஸில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. நடுவில் விடுகிற இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

முதல் வாதம்: "அதிலேயும் டெஸ்க்டாப் இருக்கே, மவுஸ் வச்சே பண்ணலாமே!" பண்ணலாம். திரை இருந்தால் பண்ணலாம். ஆனால் சின்னக் கணினியை நாம் எங்கே வைக்கப் போகிறோம்? மோட்டார் ரூமிலும் மொட்டை மாடியிலும் தோட்டத்திலும். அங்கே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 'எஸ்.எஸ்.எச்.' போட்டு, கறுப்புத் திரையில்தான் பேச வேண்டும். ஹாஸ்டல் ரூமில் தனி மானிட்டர் வைத்திருக்கிற மகராசன் எத்தனை பேர்? பலகையை வாங்கிவிட்டு, மானிட்டருக்கும் அந்தக் குட்டி எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கும் கடன் கேட்டு அலைகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டளை தெரிந்தவனுக்கு அந்தச் செலவே மிச்சம்.

இரண்டாவது வாதம்: "ஏ.ஐ.-கிட்ட கேட்டா கட்டளையை அதுவே எழுதித் தருதே!" தருகிறது, உண்மை. நானும் கேட்கிறேன். ஆனால் அது தருகிற வரியில் 'ஆர்.எம்.' இருக்கிறதா, 'சுடோ' இருக்கிறதா, எந்த ஃபோல்டரைக் குறிக்கிறது என்று வாசிக்கத் தெரிய வேண்டாமா? டாக்டர் எழுதிய சீட்டை மருந்துக்கடைக்காரர் வாசித்துத்தான் மருந்து கொடுக்கிறார். வாசிக்கத் தெரியாதவர் கையில் நல்ல சீட்டும் ஆபத்துதான். இந்தக் காலத்தில் கட்டளையை எழுதத் தெரிவதை விட வாசிக்கத் தெரிவதுதான் பெரிய படிப்பு என்பேன்.

மூன்றாவது வாதம்: "தண்ணியில இறங்காம நீச்சல் வருமா?" இதுதான் பலமான வாதம். இதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் நண்பர்களே, தாமிரபரணியில் நீச்சல் பழகினவர்கள் யாரும் முதல் நாளே கசத்தில் குதிக்கவில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் தாத்தாவோ மாமாவோ கையைப் பிடித்துத்தான் இறக்கினார்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழம் இல்லாத இடத்தில் முதலில் இறங்கு என்கிறேன்.

அந்த ஆழம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? நம் வீட்டிலேயே இருக்கிறது! 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வாங்கியிருக்கிறார்கள். நம் அண்ணன் அக்காமார் கையில் வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்கிற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? எங்கள் தெருவில் பாதிப் பேர் "இது என்னமோ தேவையில்லாதது" என்று கடையில் கொடுத்து அழித்துவிட்டார்கள். இடம் மிச்சமாயிற்றாம், சினிமா ஏற்றினார்களாம். வேடிக்கை என்னவென்றால், பாஸ் லினக்ஸும் ராஸ்பெரி பை-யில் ஓடுகிற லினக்ஸும் டெபியன் என்கிற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதில் அடிக்கிற 'ஆப்ட்' அதிலும் செல்லும். வீட்டில் இருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வெளியே ட்யூஷன் தேடுகிறோம்!

அந்த மடிக்கணினி இல்லையா? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுகிற வசதியை மைக்ரோசாஃப்ட் 2016-லேயே கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது. காசு கிடையாது. நம்ம ஊர் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஜங்ஷன் வருவதற்குள் 'எல்.எஸ்.', 'சி.டி.', 'சி.பி.' மூன்றையும் பழகிவிடலாம். தப்பாக அடித்தால் செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரு பைசா நஷ்டமில்லை. தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் 2012-லிருந்து வெளிவருகிற 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. லினக்ஸ் பற்றி எளிய தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

படிக்காமல் மாட்டினால் என்ன ஆகும்?

பெரிய இடத்துக் கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் நாசாவுக்காக விண்கலங்கள் செய்கிற ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் யாரோ அனுமதி வாங்காமல் ஒரு ராஸ்பெரி பை-யை நெட்வொர்க்கில் மாட்டி வைத்திருந்தார்கள். அதன் வழியாக ஒரு திருடன் உள்ளே நுழைந்து, 23 ஃபைல்களில் சுமார் 500 எம்.பி. தகவலை எடுத்துக்கொண்டு போனான். ஏறக்குறைய பத்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. 2018 ஏப்ரலில்தான் கண்டுபிடித்தார்கள். 2019 ஜூனில் நாசாவின் தணிக்கை அறிக்கையில் இதை வெளியிட்டார்கள். நாசாவுக்கே இந்தக் கதி!

இன்னொன்று. 2016-ல் 'மிராய்' என்றொரு வைரஸ் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அது பெரிய மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அறுபது சொச்சம் பாஸ்வேர்டை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, கதவு திறந்தது. அடுத்த வருஷம் ராஸ்பெரி பை-களையே குறிவைத்து ஒரு வைரஸ் வந்தது. அப்போதெல்லாம் எல்லாப் பலகைக்கும் பயனர் பெயர் 'பை', பாஸ்வேர்டு 'ராஸ்பெரி'. ஊருக்கே ஒரே சாவி! 2022 ஏப்ரலில்தான் அந்தப் பொதுச் சாவியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய கார்டை நண்பனிடம் வாங்கி அப்படியே போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே! 'பாஸ்டபிள்யூடி' என்ற ஒரு கட்டளை தெரிந்திருந்தால் தப்பித்துவிடலாம்.

நாசாவை விடுங்கள், நம் கதைக்கு வருவோம். லேபில் மின்சாரம் போனால் சின்னக் கணினி என்ன ஆகும்? பழைய மாடல்களில் பலகையில் சுவிட்சே கிடையாது. 2023-ல் வந்த பை 5-ல்தான் பலகையிலேயே பட்டன் வந்தது. அதனால் பலர் வயரைப் பிடுங்கி நிறுத்துகிறார்கள். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கார்டில் உள்ளது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 'ஷட்டவுன்' என்று ஒரு வரி அடித்து, பச்சை விளக்கு அணைந்த பிறகு எடுத்தால் பிரச்சினை இல்லை. வைவாவுக்கு முந்தின ராத்திரி கார்டு போய், மூணு மாச வேலையும் போய், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற ஒரு குழுவை எனக்குத் தெரியும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பலகையை மூடி வைத்தால், 80 டிகிரியைத் தாண்டியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காரணம் தெரியாதவர் "போர்டு டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். வெப்பநிலை எவ்வளவு, மின்னழுத்தம் போதுமா என்று கேட்க ஒரு வரிக் கட்டளைகள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒரு ஃபேனை வைத்து முடித்துவிடுவார்.

இந்த நஷ்டமெல்லாம் யாருக்கு? கூலி வேலைக்கும் பீடிக்கும் போய் நம்மைப் படிக்கவைக்கிற அப்பா அம்மாவுக்கு. நமக்கு ஒரு போர்டு என்பது வீட்டில் ஒரு மாத மளிகை. அதை வைத்து யாரும் பரிசோதனை பண்ணக்கூடாது என்றில்லை, பண்ண வேண்டும். ஆனால் காசில்லாமல் செய்யக்கூடிய தப்புகளையெல்லாம் போனிலேயே செய்து முடித்துவிட்டு, பிறகு காசு போட்டதைத் தொடுவோம்.

ஆற்றுக்கு நாம் பட்ட கடன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாராவது மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே தண்ணீருக்கு நடுவில் நின்றது; நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. மேலே பாபநாசத்தில் என்ன நடக்கிறது, கீழே எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

அரசாங்கத்தின் அளவுகோல்கள் இருக்கின்றன. அவை அவர்கள் வேலை. ஆனால் கோடைமேலழகியான் அணைக்கட்டு தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டும், அவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்களும், அதற்குக் கீழே எத்தனையோ குளங்களும் உள்ள ஊர் இது. ஒவ்வொரு குளத்து மடையிலும் ஒரு சின்னக் கணினி, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு பேட்டரி, ஒரு சோலார் தகடு — தண்ணீர் மட்டத்தை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதி வைக்கும். இது டிப்ளமோ மாணவர்களால் செய்யக்கூடியது. இ.சி.இ. நண்பர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: எச்.சி.எஸ்.ஆர். 04 சென்சாரின் எக்கோ கால் 5 வோல்ட் தரும், பை-யின் ஊசி தாங்குவது 3.3 வோல்ட், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போடாவிட்டால் ஊசி போய்விடும்.

இப்போது யோசியுங்கள். மழை கொட்டுகிறது, பெட்டி மடையில் இருக்கிறது, தகவல் வரவில்லை. கரையில் லேப்டாப்போடு நிற்கிற பையனுக்கு 'எஸ்.எஸ்.எச்.' போட்டு உள்ளே போய், 'டி.எஃப்.' பார்த்து, கார்டு நிரம்பிவிட்டதென்று கண்டுபிடித்து, பழைய பதிவை அழித்து, மறுபடி ஓட விடத் தெரிந்தால் ஊருக்கு உபயோகம். தெரியாவிட்டால் அந்தப் பெட்டி மடையில் கிடக்கிற இன்னொரு பிளாஸ்டிக் குப்பை. மவுஸை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

ரெடிமேட் புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை

கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். காசு கொடுத்தால் புராஜெக்ட்டை முழுசாகச் செய்து, ரிப்போர்ட்டும் அடித்துக் கையில் கொடுக்கிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கினவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் "அந்த ஃபைல் எங்கேப்பா இருக்கு, காட்டு" என்று கேட்டால் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மார்க் கொடுத்துவிடுவார்; அது வேறு விஷயம். ஆனால் இன்டர்வியூவில் அதே கேள்வி வரும்போது அங்கே மார்க் கொடுக்க யாரும் இல்லை. 'பி.டபிள்யூ.டி.', 'எல்.எஸ்.' என்ற இரண்டே கட்டளை தெரிந்திருந்தாலும் தன் புராஜெக்ட் எங்கே கிடக்கிறது என்றாவது காட்டலாம்! கட்டளை தெரிந்தவனுக்கு அந்தக் கடை வாசலே தேவைப்படாது என்பது என் நம்பிக்கை. முந்நூறு பேர் கொடுக்கிற காசில் நம் கல்லூரிக்கு ஒரு லேப் வைக்கலாம்.

மாணவர் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: புராஜெக்ட் தொடங்குகிற ஐந்தாம் செமஸ்டருக்கு முன்னால், எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், கறுப்புத் திரை வகுப்பு. சொல்லிக்கொடுக்க வெளியாள் வேண்டாம். இறுதியாண்டு மாணவர்கள் போதும். சொல்லிக்கொடுக்கிறவனுக்குத்தான் நன்றாக மனசில் நிற்கும்.

இரண்டு: நான் மேலே சொன்ன கட்டளைகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, லேப் சுவரில் ஒட்டுவது. ஃபியூஸ் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ட்ரிபிள்-இ லேபில் ஒட்டியிருக்கிறோமே, அந்த மாதிரி.

மூன்று: மன்றத்தின் செலவில் நான்கைந்து சின்னக் கணினிகள் வாங்கி, நூலகப் புத்தகம் போல இரவல் கொடுப்பது. ஒரே நிபந்தனை: வாங்கவருகிற மாணவர், மேற்பார்வையில்லாமல் உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டு மாற்றி, ஒரு ஃபைலை நகல் எடுத்து, ஒழுங்காக 'ஷட்டவுன்' பண்ணிக் காட்ட வேண்டும். அஞ்சு நிமிஷப் பரீட்சை. ஃபெயில் என்பது கிடையாது. மறுநாள் வந்து மறுபடி செய்யலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் சாதனம் வந்தால் படிப்பு தானாக வந்துவிடாது என்பதற்கு 2011-லிருந்து வந்த மடிக்கணினிகளில் யாரும் திறக்காமல் போன லினக்ஸே சாட்சி. இந்தத் தடவையாவது முதலில் கட்டளை, அப்புறம் பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

பத்தமடையில் பாய் நெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோரையை அறுத்த உடனே தறியில் ஏற்ற மாட்டார்கள். காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, பதம் பார்த்துக் கிழித்து, அதற்கப்புறம்தான் தறி. அந்த ஊறல் நாட்களில் பாய் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்கள் இல்லாவிட்டால் பட்டுப்போல மடிகிற பாய் கிடைக்காது. நம் பத்து நாளும் அப்படிப்பட்டதுதான் தோழர்களே!

ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த மலரில் பதில் எழுதுங்கள்; சண்டை போடத் தயார். ஒத்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கே போனில் டெர்மக்ஸைப் போட்டு 'பி.டபிள்யூ.டி.' என்று அடித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டால், எங்கே போவது என்று முடிவுசெய்வது சுலபம்.

— இறுதியாண்டு மாணவர்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு